சந்தனம் வைத்த ரவுட்டர்

எங்கள் வீட்டில் ரவுட்டர் இருக்கும் இடம் நான் சொன்ன இடம். கேபிள்காரர் அதை மாடிப்படிக்குக் கீழே, செருப்பு விடுகிற மூலையில் மாட்டப் பார்த்தார். அங்கே மாட்டினால் ஒயர் குறைவாகப் போதும் என்றார். செருப்புக்கு மேலே என் வீட்டில் எதையும் மாட்டுவதில்லை என்று சொல்லிவிட்டேன். கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்ட வைத்தேன். ஒயர் கூடத்தான் போனது. போகட்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். எழுத்துக் கூட்டி உட்கார்ந்தால் இப்படி எழுதவும் வரும், மெதுவாக. எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு தென்காசியில் இந்த வீட்டை நான் ஒருத்திதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமும் போய் நின்றதில்லை.

என் முட்டியில் ஆபரேஷன் ஆனபோது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகள் வந்து தங்கினாள். வீட்டில் இருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீஸில் விட்டிருந்தார்கள். அவளுக்காகத்தான் நெட் போட்டோம். மருமகன் ஒரு தடவை வந்தபோது ரவுட்டருக்குள் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக் கொடுத்தார். அவள் விளையாடுகிற கேம் பெட்டியையும் கொண்டுவந்து டிவியில் இணைத்துவிட்டுப் போனார். கன்சோல் என்று அதற்குப் பெயர். கல்யாணமான பெண்ணுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருகிற மாப்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்கள் பாடு.

சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் அவள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். கார் ஓட்டுகிற விளையாட்டு. தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டே ஓட்டுவாள். ஆபீஸ் சிநேகிதி என்று நினைத்தேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "மாமா, நீங்க வேணும்னே இடிச்சிய" என்று சொன்னது காதில் விழுந்தது.

அவளுக்கு மாமா ஒருவன்தான். என் தம்பி.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன். குற்றாலத்தில், பழைய குற்றாலம் போகிற ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். இங்கிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடாகும் முன்னே குற்றாலம் வந்துவிடும். ஆனால் என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் என் வாசலை மிதித்ததில்லை, நானும் அவனிடம் பேசியதில்லை.

எங்கள் பக்கம் தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அவன் அப்போது வடக்கே இருந்தான். லீவு கிடைத்து, ரயில் மாறி மாறி வந்தான். வழியில் எங்கோ மழை. முகூர்த்தம் நெருங்கியது, ஆளைக் காணோம். கடையத்தில் இருந்து வந்திருந்த பெரியம்மா மகனை நிற்க வைத்து, மாலை போடச் சொல்லி, பெண்ணை அழைத்து வரச் செய்தேன். தாலி கட்டி முடிந்து பந்தியும் போட்ட பிறகு இவன் பெட்டியோடு வந்தான். மணவறைப் பக்கம் பார்த்தான். இன்னொருவன் தோளில் மாமன் துண்டு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் திருநீறு பூசினான். இலையில் உட்காராமல் போனான்.

நான் செய்தது சரி. முகூர்த்த நேரம் ரயிலுக்காக நிற்காது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அவன் பெண்சாதி இறந்தபோது போனேன். துட்டிக்குப் போகாமல் இருப்பது மனுஷத்தனம் இல்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன், எழுந்து வந்தேன். அவன் முற்றத்தில் நின்றான். பேசவில்லை. அவனுடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன்தான் அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கேம் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனானாம். என் மகளும் என் தம்பியும் சண்டை போட்டதே இல்லை என்பதால் அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் கூடத்தில், என் கண் முன்னால்.

"எத்தனை நாளாட்டி நடக்குது இது?" என்று கேட்டேன்.

"நீ கேக்கலை, நான் சொல்லலை" என்றாள்.

அதோடு விட்டேன். அவர்கள் உறவு அவர்களுக்கு.

கார் ஓட்டப் பட்டன் வைத்த அந்தக் கைப்பிடியை நான் தொட்டதுகூட அவளால்தான். ஒருநாள் பாதி ஆட்டத்தில் ஆபீஸில் இருந்து போன் வந்தது. "எம்மா, செத்த இதைப் பிடி. இந்தப் பட்டனை அமுக்குனா போகும், இதை அமுக்குனா நிக்கும்" என்று என் மடியில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கார் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு முடியவில்லை. ஓட்டினேன். செங்கோட்டை பஸ் போகிற வேகத்தில்தான் ஓட்டினேன். ஏதோ ஒரு தேசத்து மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இடிக்கவில்லை. ஒரு வளைவில் திரும்பினால், அங்கே ஒரு சிவப்புக் கார் ஓரம் கட்டி நின்றது. நான் பக்கத்தில் போனதும் அதுவும் கிளம்பியது. எனக்கு முன்னால் கொஞ்ச தூரம் போய், அடுத்த வளைவில் மறுபடி நின்றது.

அது என் தம்பி கார். அவன் யார் ஓட்டுவதாக நினைத்தானோ தெரியாது. பிறகு மகளிடம் போனில், "நேத்து யாரு ஓட்டுனா? உரல் மாதிரி நகந்துச்சே" என்று கேட்டானாம். "அம்மா" என்றிருக்கிறாள். அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் அதே நேரத்துக்குச் சிவப்புக் கார் வந்து நின்றது.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் உட்கார்ந்தால் ஹெட்போன் கிடையாது, பேச்சு கிடையாது. அதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். வண்டி ஓட்டுவது மட்டும். அவன் முன்னால் போவான், வளைவில் நிற்பான், நான் வந்ததும் கிளம்புவான். முடிந்ததும் அவன் ஹாரன் அடிப்பான். நானும் அடிப்பேன். ஹாரன் அடிப்பதைப் பேசியதாக யாரும் சொல்ல முடியாது.

இப்படியே போயிருக்கும். ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால், உழைக்கிற சாமான் அத்தனைக்கும் பூஜை உண்டு, அன்றைக்கு ஓய்வும் உண்டு. அரிவாள்மணை, கிரைண்டர், தையல் மிஷின், மகளுடைய லேப்டாப், எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். ரவுட்டரையும் கழற்றச் சொன்னேன்.

"அது எதுக்கும்மா? அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்றாள்.

"உனக்குச் சம்பளம் அது வழியாத்தான வருது. மிக்சிக்கு உண்டு, அதுக்கு இல்லியா?"

கழற்றிக் கொடுத்தாள். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் குழைத்து, எங்கே பொட்டு வைக்கலாம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே முழுக்கச் சின்னச் சின்னப் பிளவுகள், காற்றுப் போக. பின்பக்கம், ஒயர் சொருகுகிற ஓட்டைகளுக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு சின்னக் குழி இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி. அதில் சந்தனத்தை நன்றாக அமுக்கி, மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்த பிறகுதான் எல்லாவற்றையும் எடுத்தோம். ரவுட்டரை மாட்டி சுவிட்சைப் போட்டாள். முதலில் டிவியை நான்தான் போடச் சொன்னேன், கோயில் பூஜை காட்டுவார்கள் என்று. டிவியிலேயே நெட் வந்து படம் தெரிந்தது. சாயங்காலம் கேம் பெட்டியைப் போட்டோம்.

சிவப்புக் கார் வரவில்லை. அவன் சேரப் பார்க்கிறான் என்று ஓர் எழுத்து வந்தது, சுற்றியது, போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. மகள் எதை எதையோ அமுக்கினாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

கேம் பெட்டியிலேயே ஒரு பரிசோதனை இருக்கிறது. அதை ஓட விட்டால் நெட் எப்படி என்று சொல்லும். வேகம் எல்லாம் நன்றாக இருந்தது. கீழே ஒரு வரியைக் காட்டி, "இங்க பாரு, நாட் டைப் ஸ்ட்ரிக்ட்னு போட்டிருக்கு. முன்னால ஓப்பன்னு இருந்துச்சு" என்றாள்.

"அப்படின்னா?"

"அருவியில தண்ணி கூடுனா போலீஸ் கயிறு கட்டுவாங்கல்லா? உள்ள நிக்கவங்க வெளிய வரலாம், வெளிய இருந்து ஒருத்தரும் உள்ள போவ முடியாது. அது மாதிரி நம்ம ரவுட்டர் கயிறு கட்டிட்டு."

"அவன் வீட்டுல சரி பண்ணச் சொல்லு."

"மாமாவோடது சிம் போட்ட டப்பாம்மா. அதுல நாம ஒண்ணும் மாத்த முடியாது. நம்ம பக்கம் கயிறை அவுத்தாத்தான் உண்டு."

பொறுமையாகச் செய்யட்டும் என்று நான் இருந்தேன். அப்போதுதான் அவளை ஆபீஸில் திரும்பக் கூப்பிட்டார்கள். இனி வீட்டில் இருந்து வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரயில். எனக்கும் முட்டி சரியாகிவிட்டது, போகத்தான் வேண்டும். அதே நாளில் என் தம்பியிடம் இருந்து அவளுக்கு வாட்ஸப்பில் ஒரு பேச்சு வந்தது. கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். என்ன என்றேன். என் முன்னால் போட்டுக் காட்டினாள்.

"உங்கம்மா என்னைய வெளிய தள்ளிட்டாளாக்கும். சரி, இருக்கட்டும். அன்னைக்கே தள்ளுனவதான. நான் இனிமே வரலை. நீ சொகமா ஊருக்குப் போயிட்டு வா."

அவன் குரலைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தடித்துப் போயிருந்தது, எங்கள் அப்பா குரல் மாதிரி.

"நான் எங்கட்டி தள்ளுனேன்?" என்றேன்.

"மாமா வீட்டு டிவியில, சேர முடியலைன்னு வருதுல்லா. நீதான் ஏதோ அமுக்கி அவங்களைத் தடுத்துட்டேன்னு நினைக்காங்க. ரவுட்டர் கோளாறுன்னு சொல்லிப் பாத்தேன். நெட்டு கோளாறுன்னா வாட்ஸப்ல எப்படிப் பேசுதேன்னு கேக்காங்க."

"வெவரமா சொல்லுறதுக்கென்ன?"

"சொல்லியாச்சு, நம்பலை. நீயே போன் போட்டுச் சொல்லு."

நான் போன் போடவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டேன். தோசை சுட்டேன். மனசு தோசையில் இல்லை. கல்யாணத்தன்று நான் செய்ததை அவன் காலத்துக்கும் சொல்லட்டும், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. செய்யாததைச் செய்ததாக ஒருவன் சொல்லிக்கொண்டு திரிவதற்கு நான் இடம் கொடுப்பவள் இல்லை. தட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னால இதை நீ சரி பண்ணிட்டுத்தான் போகணும்" என்றேன்.

"பண்ணுனா விளையாட ஆள் வேணும்லா? பெட்டியை நான் பெங்களூர் கொண்டு போறதாத்தான் இருக்கேன்."

"பெட்டி இங்கன இருக்கட்டும்."

அவள் தோசையைப் பிய்த்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்து லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தாள். ரவுட்டருக்குள் போய் எழுத வேண்டுமானால் அதற்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டுமாம். அதை வைத்தது மருமகன். அவருக்குப் போன் போட்டாள். அவர் ஒன்று சொன்னார், இல்லை. இன்னொன்று சொன்னார், அதுவும் இல்லை. கல்யாண நாள், கார் நம்பர், எல்லாம் போட்டுப் பார்த்தார்கள்.

"என்னத்தை வச்சேன்னு நிசமாவே மறந்துட்டேன் அத்தை. கோவிச்சுக்கிடாதீங்க" என்று என்னிடமும் சொன்னார். மாப்பிள்ளையை என்ன சொல்ல முடியும்.

"இனி ரீசெட்தான். பின்னால ஒரு குழிக்குள்ள பட்டன் இருக்கும், குத்தி அமுக்கணும்" என்று ரவுட்டரைக் கழற்றித் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள். "எம்மா. இதுல என்னத்தை வச்சே?"

சந்தனம் காய்ந்து கல்லாகிக் குழியை அடைத்திருந்தது. மேலே குங்குமம்.

"பொட்டு" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என் வளையலில் எப்போதும் ஊக்கு கிடக்கும். அதைக் கழற்றி நானே கிண்டினேன். என் கையால் வைத்ததை என் கையாலேயே எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சின்னதாக ஒரு பட்டன். "அமுக்கிப் பிடி, விளக்கு அணைஞ்சு மின்னுற வரைக்கும்" என்றாள். பிடித்தேன். மின்னியது.

மின்னியதோடு வீட்டில் நெட்டே போய்விட்டது. கேம் மட்டும் இல்லை, டிவி, அவள் ஆபீஸ், எல்லாம். மருமகன் எழுதியதோடு கேபிள்காரர் எழுதி வைத்திருந்ததும் சேர்ந்து அழிந்துபோயிருந்தது. அதை அவள் யோசிக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான்தான் கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

அவர் காலையில் வந்தார். நாற்பது வயதுக்காரர், வாய் ஓயாது. ரவுட்டரைக் கையில் எடுத்ததுமே, "என்ன ஆச்சி, ரீசெட்டை அமுக்கிட்டியளா? இப்ப இது பச்சப்புள்ளை. பேரு கேட்டாக்கூடச் சொல்லத் தெரியாது" என்றார்.

"பச்சப்புள்ளைன்னா பேரு வச்சுக் குடுங்க தம்பி."

"யாரு அமுக்குனது?"

"நான்தான்."

"நெட்டுத்தான் நல்லா வந்துச்சே, பெறவு என்னத்துக்கு?"

"கேம் சேரலை."

அவர் என் மகளைப் பார்த்தார். "அக்கா விளையாடுதாகளா?"

"அவ இல்லை. நான்" என்றேன்.

அவர் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தார். "ஆச்சி விளையாடுதியளா! கேமா! சரி, யார்கூட ஆச்சி?"

மகள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் ஓடவில்லை. ஊரில் பால்காரர், கேபிள்காரர், கண்டக்டர் எல்லாரையும் நான் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். அதனால் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

"என் தம்பிகூட. கூடப் பொறந்தவன். குத்தாலத்துல இருக்கான்."

"குத்தாலத்துலயா? இங்கன இருக்க குத்தாலத்துக்கு நெட்டுல போறியளாக்கும். பஸ்ஸுல போனா வடையும் தின்னுட்டு வரலாம்லா?" என்று சிரித்தார்.

"நெட்டுக்குத்தான் உங்களுக்குப் பணம் கட்டுதேன். பஸ்ஸுக்கு இல்லை. வேலையைப் பாருங்க."

பார்த்தார். அவர்களுடைய பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி போட்டுக் கொடுத்தார். போகும்போது குழியைப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்லயும் பூஜை போட்டோம் ஆச்சி, ஆனா பொட்டைப் பெட்டி உச்சியில வச்சோம்" என்றார். வாசல்படி இறங்கியும் சிரிப்பு நிற்கவில்லை.

பிறகு மகள் உள்ளே எழுத உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அவள் ஊருக்குப் போன பிறகு வீட்டில் இருக்கப்போவது நான். என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். சொல்லச் சொன்னேன்.

"வெளிய இருந்து வாறது எல்லாம் முதல்ல ரவுட்டருக்குத்தாம்மா வரும். அதுதான் வீட்டுக்குள்ள யாருக்குன்னு பிரிச்சு விடணும். வீட்டுல இருக்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்கும். போனுக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு, கன்சோலுக்கு ஒண்ணு. கேமுக்கு வாறது எல்லாம் இன்ன நம்பருக்குப் போகட்டும்னு உன் மருமகன் எழுதி வச்சிருந்தாரு. அது கன்சோலோட நம்பர்."

"பெறவு ஏன் கெட்டுப் போச்சு?"

"நீ பூஜைக்கு எல்லாத்தையும் அணைச்சேல்லா. திரும்பப் போட்டதும் ரவுட்டர் நம்பரைப் புதுசாப் பங்கு போட்டுச்சு. டிவி முதல்ல வந்துச்சு, அந்த நம்பர் அதுக்குப் போயிட்டு. கன்சோல் பிந்தி வந்துச்சு, அதுக்கு வேற ஏதோ ஒண்ணு. மாமா அங்கன இருந்து அனுப்புனது எல்லாம் டிவிக்குப் போயிருக்கு. டிவிக்கு அதை வச்சு என்ன செய்யன்னு தெரியலை. நேத்து ரீசெட் பண்ணுறதுக்கு முன்னாலயே டிவியில நம்பரைப் பாத்தேன், அவரு சொன்ன அதே நம்பர்தான்."

"பிந்தி வந்தது அதோட தப்பு" என்றேன்.

அவள் லேப்டாப்பில் இருந்து கையை எடுத்தாள்.

"பிந்தி வரும்தாம்மா. கரண்டு போகும், வரும், ஏதோ ஒண்ணு இருக்கும். ஆனா அதுக்கு உள்ள இடத்தை ரிசர்வ் பண்ணி வைக்கலாம். வேற யாரு முன்னால வந்தாலும் அந்த நம்பரைக் குடுக்காது. அது எப்ப வருதோ அப்ப அதுக்குத்தான்."

அவள் ரவுட்டரைத்தான் சொன்னாளா, வேறு எதையும் சேர்த்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அவள் முகமும் லேப்டாப் பக்கம்தான் இருந்தது. மணவறைக்கு அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது யார் என்பது அவளுக்கும் ஞாபகம் இருக்கும்.

"அப்படி ஒண்ணு இருந்தா அதை முதல்லயே உன் வீட்டுக்காரரு பண்ணிருக்க வேண்டாமா?" என்றேன்.

"அவருக்குத் தோணலை. இப்பப் பண்ணுதேன்."

பண்ணினாள். கேம் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த நீளமான எண்ணை நான் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன், அவள் போட்டாள். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தனித்தனியாகத் தெரியும். கேம் பெட்டியை அணைத்துப் போட்டு, பரிசோதனையை ஓட விட்டாள். கீழே வரி மாறியிருந்தது. ஓப்பன்.

"மாமாவுக்குச் சொல்லவா?" என்றாள்.

"சொல்லு. நான்தான் ஓட்டுதேன்னும் சொல்லு."

அவன் உடனே வரவில்லை. சாயங்காலம் விளக்கேற்றி, குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறேன், டிவியில் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மகள் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். மலைப்பாதை வந்தது. என் வண்டிக்குப் பக்கத்தில் சிவப்புக் கார் நின்றது.

டிவியில் சிக்னல் விளக்கு பச்சையானதும் அது பாய்ந்தது. நான் என் வேகத்தில் போனேன். முதல் வளைவில் பார்த்தேன், இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது. அவன் எனக்காக நிற்கவில்லை. மகள் கேட்டதற்காக வந்திருக்கிறான், கடனே என்று ஓட்டி முடித்துவிட்டுப் போய்விடுவான். ரவுட்டர் சரியாகி என்ன பிரயோசனம்? அவன் மனசில் நான் தள்ளினவளாகவே இருந்துகொண்டிருந்தேன்.

வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஏட்டி, அந்தக் காதுல மாட்டுறதைக் கொண்டா."

அவள் கொண்டுவந்து, என் கொண்டை கலையாமல் மாட்டிவிட்டாள். வாய்க்கு நேராக ஒரு கம்பியைத் திருப்பினாள். எங்கோ ஒரு பட்டனை அமுக்கினாள். காதுக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, அது என் வீட்டு மின்விசிறி இல்லை.

"ஏலே" என்றேன்.

டிவியின் மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கும். அதில் சிவப்புப் புள்ளி போய்க்கொண்டே இருந்தது.

"ஏலே, கேக்குதா?"

புள்ளி நின்றது.

"கேக்குது."

"நான் ஒண்ணும் உன்னை வெளிய தள்ளலை. ரவுட்டர்ல சந்தனத்தை அப்பிட்டேன்."

"என்னது?"

"ஆயுத பூஜைக்குலே. பொறத்தால வட்டமா ஒரு குழி இருந்துச்சு. பொட்டு வச்சேன்."

"எக்கா, அது ரீசெட் குழில்லா?" என்றான்.

"இப்பத் தெரியும். அப்பத் தெரியாது. அதுக்கு முன்னால எல்லாத்தையும் அணைச்சதுலயே நம்பரு மாறிப் போச்சு. நீ அனுப்புனது பூரா டிவிக்குப் போயிருக்கு. ஒம் மருமவ எல்லாத்தையும் சரி பண்ணிட்டா."

"ரவுட்டரையா அணைச்சே?"

"பெறவு? அரிவாமணைக்கு லீவு உண்டு, அதுக்குக் கெடையாதா?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான்.

"நானும் என் சிம் டப்பாவுக்குப் பொட்டு வச்சேன்க்கா" என்றான். "கையி மொதல்ல அந்தக் குழிக்குத்தான் போச்சு. என்னமோ, மாத்தி மேல வச்சேன்."

"ஒரு வீட்டுல வளந்த கையில்லா. அங்கனதான் போகும்."

"ஆனா நான் அணைக்கலை. சாயங்காலம் நீ வருவேன்னு போட்டு வச்சுட்டு உக்காந்திருந்தேன்."

காதில் மாட்டியிருந்ததை ஒரு கையால் சரி பண்ணிக்கொண்டேன்.

"பூஜை அன்னைக்கு யாரும் விளையாடுவாங்களாலே, கூறுகெட்டவனே" என்றேன்.

"அதான் எனக்குத் தோணாமப் போச்சு."

மகள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் உருட்டுகிற சத்தம் தேவைக்கு மேல் கேட்டது.

"முட்டி எப்படி இருக்கு?" என்றான்.

"நடக்கேன்."

"அப்ப வண்டியைக் கொஞ்சம் அமுக்கி ஓட்டு."

"எனக்கு என்னலே அவசரம்? நீ நில்லு."

"நிக்கத்தான செய்யுதேன்."

கிளம்பினேன். பாறையை ஒட்டி, பள்ளத்தைப் பார்த்து, என் வேகத்தில்தான் போனேன். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் தெரிந்தது. ஓரமாக, பின்விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளை ரயில் ஏற்றிவிட்டேன். தம்பியும் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னான். அன்றைக்குக் குற்றாலத்தில் நல்ல மழை, பஸ் கிடைத்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பிந்திதான் வந்தான். பிளாட்பாரத்தில் குடையை மடக்கிக்கொண்டு நின்றவனிடம், "வந்தது வந்தே, வீட்டுக்கு வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ" என்றேன். வந்தான். இலை போட்டேன், உட்கார்ந்தான். கல்யாணத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்பதில் இன்றும் எனக்கு மாற்றம் இல்லை.

கை கழுவிவிட்டு வந்தவன் ரவுட்டரைச் சுவரில் இருந்து திருப்பிக் குழியைப் பார்த்தான். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஊக்கு கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

மழைக் காலம் ஆனதால் இங்கே அடிக்கடி கரண்டு போகிறது. வந்ததும் டிவி தானாகவே முதலில் நெட்டைப் பிடித்துவிடும். கேம் பெட்டியை நான் சாவகாசமாக, விளக்கேற்றிய பிறகுதான் போடுவேன். போட்டு, மகள் காட்டிக் கொடுத்த பக்கத்தைத் திறந்து எண்ணை ஒரு தடவை பார்ப்பேன். அதே எண்தான் இருக்கும். அது வருகிற வரைக்கும் அந்த இடத்தை ரவுட்டர் வேறு ஒருவருக்கும் கொடுப்பதில்லை.